அந்தத் தெளிநீரை வடிகாலில் விடாதீர்கள்: திட்ட மறுஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திட்ட மறுஆய்வுக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

கழிவுநீரில் பாக்டீரியம் வளர்த்துப் புழுக்கொல்லி மருந்து செய்யவிருக்கும் புதிய ஆலையின் வரைபடத்தில் சவ்வு வடிகட்டும் பிரிவு இருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அந்தப் பிரிவை நீக்குவதென்று நீங்கள் எடுத்த முடிவை அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். முன்னோட்டக் கூடத்தில் ஆறு ஆண்டுகள் அந்த வடிகட்டியை ஓட்டியவள் நான். முடிவெடுக்கும் முன் என்னிடமோ என்னோடு அங்கே நின்று வேலை பார்த்த இருவரிடமோ ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. முடிவு தெரிந்த பிறகு இரண்டு முறை எழுத்தில் விளக்கம் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஆகவே சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் முடிவின் சாரம் இது: கழிவுநீரில் வளர்த்த பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியத்தின் குழம்பைச் சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழலும் எந்திரத்தில் சுற்றி, அடியில் சேரும் வண்டலை மட்டும் மருந்தாக எடுத்துக்கொள்வது, மேலே நிற்கும் தெளிநீரை வடிகாலில் விட்டுவிடுவது. அதற்கு நீங்கள் எழுதியிருக்கும் காரணங்கள் மூன்று. சவ்வு அடைத்துக்கொள்கிறது, செலவு அதிகம், தெளிநீரில் ஸ்போர் (பாக்டீரியத்தின் விதை போன்ற உறங்கும் வடிவம்) எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அதில் மீட்க எதுவும் இல்லை. மூன்றாவது காரணம்தான் என்னை எழுத வைத்தது. அது தவறு. அந்தத் தவற்றின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கின்றன.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று எண்ணக் கூடாது; இந்த மடலைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக இதை விளக்க வேண்டியிருக்கிறது. பி.டி. என்று சுருக்கமாக நாம் சொல்லும் இந்தப் பாக்டீரியத்தை 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா பட்டுப்புழுவைக் கொன்ற நோயிலிருந்து கண்டெடுத்தார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியிலிருந்து அதைப் பிரித்து, அது கிடைத்த துரிஞ்சியா மாநிலத்தின் பெயரையே வைத்தார். 1938இல் பிரான்சில் அது விற்பனைக்கு வந்தது. உணவு தீர்ந்து ஸ்போராக மாறும் நேரத்தில் இந்தப் பாக்டீரியம் தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தைக் கட்டுகிறது. இலையோடு சேர்த்து அந்தப் படிகத்தைப் புழு தின்றால், அதன் குடலிலுள்ள வலுவான காரத்தில் படிகம் கரைகிறது. குடலின் நொதிகள் ஏறக்குறைய 130 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள முன்நச்சை, அதாவது இன்னும் செயல்படாத நச்சை, வெட்டி 60 முதல் 70 கிலோடால்டன் அளவுள்ள நச்சாக்குகின்றன. அந்த நச்சு குடல் சுவரின் செல்களில் ஒட்டித் துளையிடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சில நாட்களில் செத்துவிடும். மனிதக் குடலில் அந்தக் காரமும் இல்லை, நச்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் இல்லை. வேதிப் பூச்சிக்கொல்லிகளின் நடுவே இந்த மருந்துக்கு மதிப்புக் கிடைத்தது இதனால்தான்.

கவனியுங்கள்: புழுவை முதலில் வீழ்த்துவது படிகம். ஸ்போர் அதற்குத் துணை வருகிறது. படிகத்துக்கு உயிர் கிடையாது, பாக்டீரியம் வளர்க்கும் ஊட்டத் தட்டில் போட்டால் முளைக்காது. உங்கள் அறிக்கையின் அட்டவணையில் தெளிநீருக்கு நேரே இருக்கும் எண்ணோ, தட்டில் முளைத்த ஸ்போர்களின் எண். முளைக்காத ஒன்றை முளைத்தவற்றை வைத்து அளந்து, பிறகு அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். முதல் ஆண்டு முழுவதும் நானும் அப்படித்தான் எண்ணினேன். தட்டு எண்ணிக்கை மலிவு, மறுநாளே விடை கிடைக்கும். புழுவுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கோ ஒரு வாரம் போய்விடும். ஒரே வயதுப் புழுக்கள் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கத் தரப்படுத்திய மாதிரி வேண்டும், பொறுமை வேண்டும். ஒருநாள் ஊற்றிவிடுவதற்காக வைத்திருந்த தெளிநீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒளிரும் நீள்வட்டங்களாகத் தெரியும் ஸ்போர்கள் அரிதாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்கு இடையே சின்னஞ்சிறு வைர வடிவங்கள், இருண்ட நிறத்தில், பார்க்கும் இடமெல்லாம் மிதந்துகொண்டிருந்தன. படிகங்கள். அன்று அந்தக் குடத்தை நான் ஊற்றவில்லை. அதிலிருந்து சிறிது எடுத்து இலையில் தடவிப் புழுக்களுக்கு வைத்தேன். வெறும் நீர் தடவிய இலையிலிருந்த புழுக்கள் வளர்ந்தன. தெளிநீர் தடவிய இலையிலிருந்தவை முதல் நாளிலேயே தின்பதை விட்டுவிட்டன. இதன் பதிவேடு கூடத்தின் அலமாரியில் இருக்கிறது. குழுவிலிருந்து யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

சென்ட்ரிஃபியூஜ் ஏன் அவற்றை விட்டுவிடுகிறது என்பதற்கு விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நீரில் ஒரு துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் வேகம் நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்றானால் ஒன்பதில் ஒன்று. முழுதாக வளர்ந்த ஸ்போரும் பெரிய படிகமும் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். அவை அடியில் போய்ச் சேர்ந்துவிடும். சிறிய படிகங்களும் உடைந்த துண்டுகளும் எந்திரத்தின் வெளியேறும் வாயை அடைவதற்குள் படிந்து முடிவதில்லை. எந்திரத்தை வேகமாகச் சுற்றலாம், குழம்பை மெதுவாக ஊட்டலாம். இரண்டுமே மின்சாரத்தையும் நேரத்தையும் தின்னும். அப்போதும் கரைந்திருக்கும் புரதத்தைச் சென்ட்ரிஃபியூஜால் பிடிக்கவே முடியாது.

கரைந்திருப்பது சாதாரணப் பொருளும் இல்லை. பாக்டீரியம் வளரும் பருவத்திலேயே வெளியே விடும் வி.ஐ.பி. என்ற நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் புழுக்களைக் கொல்லும் மூன்றாம் வகை ஏறக்குறைய 88 கிலோடால்டன் எடை உள்ளது. படிக நச்சு ஒட்டும் இடத்தில் இது ஒட்டுவதில்லை, புழுவின் குடலில் வேறு இடத்தைப் பிடிக்கிறது. பி.டி. தெளித்துத் தெளித்து முட்டைக்கோஸ் வைரமுதுகு அந்துப்பூச்சி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது 1990இலேயே ஹவாய் வயல்களிலிருந்து பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க, வேறு வழியில் தாக்கும் நச்சை நாமே வளர்த்து நாமே கொட்டுவது எந்தக் கணக்கில் சரி? கூடவே கைட்டினேஸ் என்ற நொதியும் தெளிநீரில் இருக்கிறது. புழுவின் குடலுக்குள் போர்வைபோல் கிடக்கும் கைட்டின் படலத்தை அது அரித்து நச்சுக்கு வழி திறக்கிறது. இவை எல்லாம் சென்ட்ரிஃபியூஜுக்குக் கண்ணில் படாதவை. சவ்வின் துளைகளுக்கோ இவை பெரியவை.

சவ்வு செய்வது இதைத்தான். தெளிநீரை அதன் முகத்தின் மேல் வேகமாக ஓடவிட்டு, ஒரு பகுதியை மட்டும் மெல்லிய அழுத்தத்தில் குறுக்கே கடக்க வைக்கிறோம். நீரும் உப்பும் சிறு மூலக்கூறுகளும் கடந்து போகின்றன. கூடத்தில் அதைப் பெர்மியேட் என்போம். புரதமும் படிகமும் மிஞ்சிய ஸ்போரும் கடக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்து அடர்த்தியாகின்றன, அது ரிடென்டேட். 900 லிட்டர் தெளிநீரைப் பத்து மடங்கு அடர்த்தியாக்கினால் 90 லிட்டர் மிஞ்சும். அதை வண்டலோடு கலந்தால், கொட்ட இருந்த நச்சு மருந்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். இது என் கண்டுபிடிப்பும் இல்லை, புதுமையும் இல்லை. கனடாவின் கியூபெக்கில் ஐ.என்.ஆர்.எஸ். ஆய்வு மையத்தில் தியாகியும் அவருடைய குழுவினரும் கழிவுநீர்க் கசட்டிலும் மாவுச்சத்து ஆலைக் கழிவுநீரிலும் பி.டி. வளர்த்து, சென்ட்ரிஃபியூஜ் விட்டுவைத்த தெளிநீரை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் எனும் மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வில் ஏற்றி நச்சுத்திறனை மீட்டு, அதை வெளியிட்டும் இருக்கிறார்கள். நாம் தொடங்கியபோது நம் கையில் இருந்த வழிகாட்டி அதுதான். உங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இனி அடைப்புக்கு வருகிறேன். சவ்வு அடைத்தது உண்மை. நான் அதை மறுத்தால் என் பதிவேடே என்னைப் பொய்யாக்கும். ஆனால் அடைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணங்களைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. நீங்கள் எடுத்துக்கொண்ட எண்கள் அந்த முதல் மூன்று ஆண்டுகளின் எண்கள்.

தொடக்கத்தில் எங்களுக்கு இருந்த பெரிய தவறான எண்ணம், ஓட்டம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்பது. வெறும் நீருக்கு அது பொருந்தும். புரதம் நிறைந்த நீரில் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, சவ்வின் முகத்தில் புரதம் கூழ்போல் அடைந்து இறுகும். முதல் சில நிமிடங்கள் ஓட்டம் ஏறும், பிறகு முன்பைவிடக் கீழே போய்விடும். நான் வால்வை இறுக்கிக்கொண்டே போவேன். பிரஷர் கேஜின் முள் ஏறும், வாளியில் விழும் தாரை மெலியும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. அழுத்தத்தைக் குறைத்து, முகத்தின் மேல் ஓடும் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஓடும் நீரே கூழை அரித்துக்கொண்டு போகும். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து ஒரே மாட்யூலில் (சவ்வு பொருத்திய கூட்டில்) ஒரு முழு அறுவடையை நிறுத்தாமல் ஓட்டினோம்.

அடுத்தது நுரையடக்கி. பாக்டீரியம் வளரும் கலமான ஃபெர்மென்டரில் காற்றடிக்கும்போது புரதம் நுரைக்கும். நுரை மேலேறி வெளியேறும் குழாயை அடைக்கப் போகிறது என்றால், இரவுப் பணியில் இருப்பவர் பயந்து நுரையடக்கி எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானும் ஊற்றியிருப்பேன். ஆனால் அந்த எண்ணெய் குழம்பிலேயே தங்கி, தெளிநீரோடு வந்து, நீரை வெறுக்கும் பரப்புகளில் ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் ஓட்டம் விழுந்த நாட்களையும் நுரையடக்கி ஊற்றிய அளவுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, இரண்டும் கைகோத்து நடந்தது கண்ணில் தெரிந்தது. குற்றவாளி சவ்வில்லை, அதற்கு இருபது அடி தள்ளி நின்ற ஃபெர்மென்டர்தான் என்று அன்று விளங்கியது. கலக்கியின் வேகத்தையும் காற்றின் அளவையும் சீராக்கி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்ட பிறகு அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

மூன்றாவதைச் சொல்ல மனம் வலிக்கிறது. ஒரு வார இறுதியில் கூடத்தில் மின்சாரம் போனது. வடிகட்டியில் அடர்ந்த ரிடென்டேட் அப்படியே நின்றது. கழுவி வைக்க யாருக்கும் உத்தரவு இல்லை, கூடத்தின் சாவி எங்களிடம் இல்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தபோது சவ்வின் முகத்தில் புரதம் காய்ந்து தோலாகியிருந்தது. காஸ்டிக் சோடாவால் கழுவினோம், சிட்ரிக் அமிலத்தால் கழுவினோம், மறுபடி காஸ்டிக். தூய நீரை ஓட்டிப் பார்த்தபோது பழைய ஓட்டம் திரும்பவே இல்லை. அந்த மாட்யூலைத் தூக்கிப் போட்டோம். உங்கள் செலவுக் கணக்கில் சவ்வின் ஆயுள் என்று ஒரு எண் இருக்கிறதே, அது இந்த மாட்யூலின் ஆயுள். பூட்டிய கதவுக்குப் பின்னால் காய்ந்து செத்த ஒன்றை இயல்பாக மூப்படைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வாங்கிய மாட்யூல் அந்த வேலையிலிருந்து நான் மாற்றப்பட்ட நாள் வரை ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாட்யூலின் பெயர்கூட அறிக்கையில் இல்லை.

கெட்டுப்போன ஒரு தொகுதியைப் பற்றியும் உங்கள் அறிக்கை பேசுகிறது, சவ்வு நச்சை அழித்துவிடுகிறது என்று. அன்று நடந்தது வேறு. காஸ்டிக்கால் கழுவிய பிறகு நீரால் போதுமான அளவு அலசாமல் அடுத்த தெளிநீரை ஏற்றிவிட்டோம். குழாயின் வளைவுகளில் காரம் தங்கியிருந்தது. பி.டி. படிகம் கரைவதே வலுவான காரத்தில்தான். புழுவின் குடல் செய்யும் வேலையை எங்கள் குழாய் செய்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தபோது ஸ்போர்கள் இருந்தன, வைர வடிவங்கள் காணாமல் போயிருந்தன. தவறு எங்களுடையது. அதன் பிறகு வெளிவரும் அலசல் நீரின் பி.ஹெச். (அமில, காரத்தன்மையின் அளவு) உள்ளே விடும் நீரின் பி.ஹெச்.சோடு ஒத்துப்போகும் வரை எதையும் ஏற்றக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்தோம். அதற்குப் பின் ஒரு தொகுதிகூட அப்படிக் கெடவில்லை.

சவ்வு வடிகட்டலில் தீராத கேள்விகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்று எனக்கே இன்னும் உறுத்துகிறது. அறுவடை முடிந்ததும் குழம்பின் பி.ஹெச்.சை 4.5க்கு இறக்குவது வழக்கம். காரத்தில் வேலை செய்யும் புரோட்டியேஸ் நொதிகள் நச்சுப் புரதங்களைத் தின்றுவிடாமல் அது காக்கிறது. ஆனால் அமிலத்தன்மை கூடும்போது பல புரதங்கள் தங்கள் மின்னேற்றத்தை இழந்து ஒன்றோடொன்று திரள்கின்றன; திரண்டவை சவ்வில் எளிதில் படிகின்றன. குளிர வைத்தால் நொதிகள் அடங்கும். ஆனால் குளிர்ந்த குழம்பு தடிப்பாகி ஓட்டம் குறையும். இந்த இழுபறியில் எந்தப் புள்ளி நல்லது என்பது ஒவ்வொரு கழிவுநீருக்கும் வேறு. சிறு சிறு சோதனைகளால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தச் சோதனைகளின் நடுவில்தான் எங்களை நிறுத்தினீர்கள்.

இன்னொரு கேள்வி பாதுகாப்பு. நகரக் கழிவுநீர்க் கசட்டில் வளர்த்ததை உண்ணும் பயிரில் தெளிக்கலாமா என்று மக்கள் கேட்பது நியாயம். நாம் வளர்ப்பதற்கு முன் 121 டிகிரி செல்சியஸில் நீராவியால் கிருமி நீக்குகிறோம். அது நோய்க்கிருமிகளுக்கு விடை. கன உலோகங்களுக்கு அது விடை இல்லை. கரைந்த உலோக அயனிகள் சவ்வைக் கடந்து போகும்; ஆனால் துகளிலும் புரதத்திலும் ஒட்டியவை ரிடென்டேட்டில் சேரும். அதனால் உண்ணும் பயிருக்கான மருந்துக்கு மாவுச்சத்து ஆலையின் கழிவுநீரையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கசட்டில் வளர்த்ததைக் காட்டு மரங்களுக்கும், கொசுப்புழுவைக் கொல்லும் இஸ்ரேலென்சிஸ் என்ற பி.டி. வகைக்கும் யோசிக்கலாம், அதுவும் ஒவ்வொரு தொகுதியிலும் உலோகங்களை அளந்த பிறகு. மாவுச்சத்து ஆலைக் கழிவுநீரில் திடப்பொருள் குறைவு. சவ்வுக்கும் அது இதம். இதை நான் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

பீட்டா எக்ஸோடாக்சினைப் பற்றி உங்களில் ஒருவர் எழுப்பிய ஐயத்தை நான் மதிக்கிறேன். சில பி.டி. வகைகள் சுரக்கும் அந்த நஞ்சு வெப்பத்தில் அழியாது, பாலூட்டிகளுக்கும் கேடு. அது இருக்கும் வகையை மருந்தாக்கவே கூடாது. அதற்குச் செய்ய வேண்டியது தொடக்கத்திலேயே வகையைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது. கூடுதலாக ஒன்று: அந்த நஞ்சின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 700 டால்டன்தான். புரதத்தைத் தடுத்து நிறுத்தும் சவ்வு அதைப் பெர்மியேட்டில் கடத்திவிடும். ஆகவே இந்த அச்சம் சவ்வுக்கு எதிரான வாதம் ஆகாது. பெர்மியேட்டை எங்கே விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்ற வாதமாக அதை எடுத்துக்கொள்கிறேன், அதை முழுமையாக ஏற்கிறேன்.

வடிகாலைப் பற்றியும் பேச வேண்டும். இந்தத் திட்டம் எதற்காகத் தொடங்கியது? கழிவுநீரில் இருக்கும் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வீணாகி நீர்நிலைகளைக் கெடுப்பதற்குப் பதிலாகப் பயனுள்ள ஒன்றாக மாறட்டும் என்றுதானே. உங்கள் முடிவின்படி ஒவ்வொரு அறுவடையிலும் குழம்பின் பெரும்பகுதி, பாக்டீரியம் விட்டுச் சென்ற புரதத்தோடும் முளைக்கக் காத்திருக்கும் ஸ்போர்களோடும், மறுபடி கழிவுநீராகவே வெளியேறுகிறது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில், அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜனின் அளவில், அதன் பாரத்தைச் சுத்திகரிப்பு நிலையம் சுமக்க வேண்டும். செலவு அட்டவணையில் சவ்வின் விலை இருக்கிறது, காஸ்டிக்கின் விலை இருக்கிறது, பம்பு இழுக்கும் மின்சாரம் இருக்கிறது. தெளிநீரைச் சுத்திகரிக்கும் செலவு இல்லை, அதோடு போய்விடும் நச்சின் மதிப்பும் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கை வைத்து ஒரு பிரிவையே மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெர்மியேட்டிலோ ஸ்போர் இல்லை, புரதமும் குறைவு. அதில் மிஞ்சும் உப்பும் சிறு சத்துகளும் அடுத்த வளர்ப்புக்குக் கரைநீராக ஓரளவு திரும்பப் பயன்படும் என்று சோதித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதிவுகளும் அதே அலமாரியில் இருக்கின்றன.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலில், சவ்வுப் பிரிவை நீக்கும் முடிவை நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யுங்கள் என்று இப்போது கேட்கவில்லை. நியாயமான ஒரு சோதனை முடியும் வரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்கிறேன். புதிய ஆலையின் வரைபடத்தில் அந்த இடமும் அதற்கான குழாய் இணைப்புகளும் அப்படியே இருக்கட்டும். பிறகு சேர்ப்பதற்காகச் சுவரை உடைப்பது இப்போது இடம் விடுவதைவிடப் பல மடங்கு செலவு.

அந்தச் சோதனையில் நச்சை நச்சாகவே அளக்க வேண்டும். ஒரே குழம்பிலிருந்து வண்டல், தெளிநீர், ரிடென்டேட், பெர்மியேட் நான்கையும் எடுத்து, நான்குக்கும் புழுச் சோதனை செய்யுங்கள். குழம்பில் இருந்த மொத்த நச்சுத்திறன் எங்கெங்கே எவ்வளவு போனது என்ற கணக்கு கூட்டிக் கழித்துச் சரியாக வர வேண்டும். ஸ்போர் எண்ணிக்கையைக் கூடவே எடுங்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மாவுச்சத்து ஆலைக் கழிவுநீரிலும் கசட்டிலும் தனித்தனியே செய்யுங்கள். ஒன்றின் விடையை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள். துளை அளவு வேறுபட்ட சவ்வுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறுக்கமான சவ்வு அதிகம் பிடிக்கும், மெதுவாக ஓடும். நமக்கு எது போதும் என்பது இதுவரை முறையாகச் சோதிக்கப்படவே இல்லை.

செலவுக் கணக்கைத் திரும்ப எழுதுங்கள். காய்ந்துபோன மாட்யூலின் ஆயுளை நீக்கிவிட்டு, முறையாகக் கழுவி வைத்த மாட்யூலின் ஆயுளைப் போடுங்கள். தெளிநீரை அகற்றும் செலவை மறுபக்கத்தில் சேருங்கள். திருத்திய கணக்கைக் கூடத்தில் வேலை செய்பவர்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். அதற்குப் பிறகும் சவ்வு நட்டம் என்று எண்கள் காட்டினால், நான் அதை ஏற்றுக்கொள்வேன், இந்த மடலுக்குக் கீழேயே அப்படி எழுதுவேன்.

குழுவில் வடிகட்டியை ஓட்டிய ஒருவருக்கு இடம் கொடுங்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை. என்னோடு பணியாற்றிய இருவரில் இளையவருக்கு, தாரையின் ஓசையை வைத்தே சவ்வு அடைக்கத் தொடங்கிவிட்டதா என்று சொல்லத் தெரியும். அவரை இப்போது புட்டிகள் கழுவும் வேலைக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

கடைசியாக, இது இன்றே செய்ய வேண்டியது. நீங்கள் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்ன இரண்டு மாட்யூல்கள் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவை சோடியம் பைசல்பைட் கரைசலில் நனைந்தபடி இருக்க வேண்டும். அந்தக் கரைசல் நாளாக ஆக வலுவிழக்கும். மாற்றாவிட்டால் உள்ளே கிருமி வளரும், வற்றினால் சவ்வு காய்ந்துவிடும். காய்ந்துவிட்டால் நான் கேட்கும் சோதனையைச் செய்ய எதுவும் மிஞ்சாது. கரைசலை மாற்ற ஒரு மணி நேரம் போதும். கூடத்தின் கதவை எனக்கு ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள், வந்து செய்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
முன்னோட்டக் கூடத்தின் சவ்வு வடிகட்டும் பிரிவில் பணியாற்றியவள்